நடுவில் ஐந்து பேர்

சென்ற தை மாதம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. சாம்பார் வருவதற்குள் அவர் காரைக்கால்காரர் என்று தெரிந்தது. ரசம் வருவதற்குள் அவருடைய சகலை 1978-ல் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவர் என்று தெரிந்தது. மோர் ஊற்றும்போது அவர் இடது கையால் என் தோளைத் தட்டி, "அட, நீங்க நம்ம ஆளு" என்றார். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதா என்ன? "எந்தத் தெரு, யார் வீடு" என்ற இரண்டு கேள்வியில் பாதி ஊரை அளந்துவிடுவோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பேரன் சொன்னான்: "தாத்தா, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உலகத்துல எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் நடுவுல ஆறு பேருக்கு மேல கிடையாது. அமெரிக்காவுல சோதனை பண்ணி நிரூபிச்சிட்டாங்க."

நான் 38 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் ஏழு வருஷம் தபால் பிரிவு. யாராவது "நிரூபிச்சிட்டாங்க" என்றால் பதிவேட்டைக் கேட்கத்தான் தோன்றும். "எத்தனை தபால் அனுப்பினாங்க, எத்தனை போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பேரன் நல்ல பிள்ளை. இரண்டு நாள் கழித்து ஒரு கட்டுக் காகிதம் அச்சடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நான் பிரெவே வரைக்கும் பிரெஞ்சிலேயே படித்தவன். ஆங்கிலம் பிற்பாடு ஆபீசில் ஃபைல் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதனால் படித்து முடிக்க ஒரு வாரமாயிற்று. படித்ததைச் சொல்லுகிறேன். என் அபிப்பிராயத்தையும் சொல்லுகிறேன்.

முதலில் இது ஒரு கதையில் வந்த யோசனை. ஹங்கேரி நாட்டில் ஃப்ரிகியெஷ் கரிந்தி என்ற எழுத்தாளர் 1929-ல் "சங்கிலிக் கண்ணிகள்" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை எழுதினார். அதில் சில நண்பர்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சொல்லு, எனக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஐந்து பேருக்குள் அவரைத் தொட்டுவிடுகிறேன் என்கிறான் ஒருவன். ஸ்வீடனில் இருக்கும் நோபல் பரிசு எழுத்தாளரைக் கேட்டால், அந்நாட்டு ராஜாவோடு டென்னிஸ் ஆடியவர் எனக்குத் தெரிந்தவர் என்று வழி சொல்லுகிறான். காப்பிக்கடை அரட்டைதான். கடற்கரைச் சாலையில் காலையில் நாங்கள் பேசாத பேச்சா!

அதை நிஜமாகவே சோதித்தவர் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க மனவியல் பேராசிரியர். மேலதிகாரி சொன்னால் சாதாரண மனிதன் இன்னொருவனுக்கு மின்சார அதிர்ச்சிகூடக் கொடுப்பானா என்று சோதித்துப் பேர் வாங்கியவரும் இவரேதான். அந்தச் சோதனையைப் படித்தபோது சில பழைய மேலதிகாரிகள் ஞாபகம் வந்தது. அது வேறு கதை.

1960-களில் அவர் செய்தது இது. பாஸ்டன் நகரத்தில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகரைக் குறியாக வைத்துக்கொண்டார். அந்தத் தரகரின் வீடு ஷாரன் என்ற பக்கத்து ஊரில். ஆயிரம் மைலுக்கும் அப்பால் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிலருக்கு ஒரு உறை போகும். உள்ளே தரகரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும். உனக்கு அவரை நேரில் தெரிந்தால் அனுப்பிவிடு. தெரியாவிட்டால், அவரைத் தெரிந்திருக்கக்கூடிய, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பு. நடுவில் கைமாறுகிறவர் ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் பட்டியலில் தன் பெயரை எழுத வேண்டும். ஒரு தபால் அட்டையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போடவும் வேண்டும். உறை எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். தபால் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். எங்கள் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைவிட நல்ல ஏற்பாடு.

"நன்றாகத் தெரிந்தவர்" என்றால் யார்? ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் என்று விதி வைத்தார்கள். அது அமெரிக்க அளவுகோல். பிரெஞ்சில் என்றால் "தூ" போட்டுப் பேசுகிறவனா, "வூ" போட்டுப் பேசுகிறவனா என்று பார்த்திருப்பார்கள். நமக்கு எது அளவு? எதிர் வீட்டில் 30 வருஷமாக இருக்கும் பெரியவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிரெஞ்சில் பழக்கமானவருக்கும் அறிவுக்கும் ஒரே சொல்தான், கொனெசான்ஸ். எங்கள் மெத்ரு இதை இரண்டு அர்த்தத்திலும் வாக்கியத்தில் எழுதச் சொல்லுவார். விஷயத்துக்கு வருகிறேன்.

1969-ல் வெளியான கணக்கு இது. உறை கொடுக்கப்பட்டவர்கள் 296 பேர். அவர்களில் 100 பேர் அந்தப் பாஸ்டன் வட்டாரத்திலேயே இருந்தவர்கள். இன்னொரு 100 பேர் நெப்ராஸ்காவில் பங்குகளில் பணம் போட்டிருந்தவர்கள். பங்குத் தரகருக்கு வழி கண்டுபிடிக்கப் பங்கு வைத்திருப்பவன்! இதில் 217 பேர்தான் உறையை அடுத்த கைக்கு அனுப்பினார்கள். தரகரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 64. அந்த 64 உறைகளுக்கு நடுவில் இருந்த ஆட்களை எண்ணிச் சராசரி போட்டால் 5.2 வந்தது. பேரன் சொன்ன ஆறின் பூர்வீகம் இதுதான். அந்த 64-லும் 16 உறைகள் ஷாரனில் இருந்த ஒரே ஒரு துணி வியாபாரியின் கை வழியாகத்தான் தரகரின் வீட்டுக்குப் போயின. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு கடைக்காரர் இருப்பார். அவர் கடை வாசலில் நின்றால் பாதி ஊர் தெரிந்துவிடும்.

இதற்கு முன்னால் கான்சஸ் மாநிலத்திலிருந்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். குறி, இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் மனைவி. வீடு பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில். ஒரு கோதுமை விவசாயியின் கையிலிருந்து ஊர்ப் பாதிரியாருக்கு, அவரிடமிருந்து கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தும் இன்னொரு பாதிரியாருக்கு, அங்கிருந்து அந்த அம்மாளுக்கு. நான்கே நாளில் உறை சேர்ந்துவிட்டது. மில்கிராம் 1967-ல் ஒரு பத்திரிகையில் இதைச் சுவையாக எழுதினார். உலகம் பூரா இந்தக் கதை பரவியது. பல வருஷம் கழித்து, ஜூடித் கிளைன்ஃபெல்டு என்ற பேராசிரியை அவருடைய பழைய காகிதங்களைத் தோண்டிப் பார்த்தார். கான்சஸில் உறை வாங்கியவர்கள் 60 பேர். போய்ச் சேர்ந்தது 3. மீதி 57-ஐப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். நூறு தபால் அனுப்பி ஐந்து சேர்ந்த தபால் பிரிவைப் பற்றி, "சேர்ந்த ஐந்தும் வெகு வேகமாகச் சேர்ந்தன" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? மெமோ வரும். உலகமே அதை ஒப்புக்கொண்டு "எவ்வளவு சின்ன உலகம்" என்று சந்தோஷப்படுகிறது. கல்யாணப் பந்தியிலும் அதேதான். காரைக்கால்காரரோடு உறவு கண்டுபிடித்தது ஞாபகம் இருக்கிறது. என் வாழ்நாளில் எத்தனை பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு ஒரு தொடர்பும் அகப்படாமல் கை கழுவிக்கொண்டு எழுந்திருக்கிறேன்! அதற்கு எந்த ரிஜிஸ்டரும் இல்லை.

பேரன் விடவில்லை. "அதெல்லாம் பழைய கதை தாத்தா, இப்ப ஃபேஸ்புக்காரங்க கம்ப்யூட்டர்ல எண்ணிட்டாங்க" என்றான். உண்மைதான். 2011-ல் 72 கோடி பேரை எடுத்து எண்ணினார்கள். 2016-ல் 159 கோடி பேரை. இரண்டாவது முறை எண்ணியபோது எந்த இருவருக்கும் நடுவில் சராசரியாக 3.57 பேர்தான். கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் எண்ணியது பாதையை. அந்தப் பாதையில் யாராவது நடந்தார்களா என்பது வேறு கேள்வி. என் வீட்டுக் குழாய்க்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் இத்தனை முழம் பைப் இருக்கிறது என்று சொல்லலாம். தண்ணீர் வருகிறதா?

நடக்கவிட்டும் பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டங்கன் வாட்ஸ் என்பவரும் மற்றவர்களும் மின்னஞ்சல் மூலமாக இதே சோதனையைப் பெரிய அளவில் செய்து 2003-ல் வெளியிட்டார்கள். 13 நாடுகளில் 18 குறிகள். நார்வே இராணுவத்தின் மிருக வைத்தியர் ஒருவர், ஆஸ்திரேலியப் போலீஸ்காரர் ஒருவர், இந்தியாவில் ஒரு தொழில்நுட்ப ஆலோசகர் என்று பலதரப்பட்டவர்கள். கிளம்பிய சங்கிலிகள் 24,163. சேர்ந்தவை 384. தபால் செலவுகூடக் கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் போகும். அப்படியும் நூற்றுக்கு இரண்டு சேரவில்லை.

இந்த ஆராய்ச்சியில் ஒரு இடத்தைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். அனுப்பாமல் விட்டவர்களிடம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். "யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை" என்றவர்கள் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையும் அந்தக் கட்டில் இருந்தது. மில்கிராமும் கோர்ட்டே என்பவரும் 1970-ல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து வெள்ளைக்காரர்கள் கையில் உறையைக் கொடுத்து நியூயார்க்கில் இருக்கும் ஆட்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். சேர வேண்டியவர் வெள்ளைக்காரர் என்றால் நூற்றுக்கு 33 சேர்ந்தது. கறுப்பர் என்றால் 13. ஊர் அதே ஊர், தபால்காரரும் அதே தபால்காரர்.

இதை மறுநாள் காலை கடற்கரைச் சாலை பெஞ்சில் நண்பர்களிடம் சொன்னேன். நாங்கள் ஆறு பேர். பாரிசில் ஒரு ஆளைச் சொன்னால் இரண்டே கையில் எட்டிவிடலாம் என்று ஒவ்வொருவரும் பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான், நம் ஊரில் பிரான்சில் உறவு இல்லாத வீடு எது? சரி, நான் இருக்கும் அடுக்குமாடியில் வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார், ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம், அவர் சம்சாரத்துக்கு ஒரு கடிதம் கைமாற்றி அனுப்பவேண்டும், வழி சொல்லுங்கள் என்றேன். ஆறு பேரில் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. நானும் நாலு வருஷமாகத் தினம் இரண்டு வேளை அவர் திறந்துவிடும் கேட் வழியாகப் போய் வருகிறேன். கஞ்சம் மாவட்டம் என்பதையே அதற்கு முந்தின வாரம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. எத்தனை பேர் நடுவில் இருக்கிறார்கள் என்று எண்ணுவது வீண் வேலை. ஐந்தோ ஆறோ இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் இருப்பவன் வாங்கிய உறையை அடுத்தவனுக்குக் கொடுத்தானா, மேசை இழுப்பறையில் போட்டானா என்பதைத்தான் எண்ணவேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. மற்றவர்களைக் குறை சொல்வதற்கான தகுதி அல்ல.

1991-ம் வருஷம். நான் அப்போது இருந்த ஆபீசில் ஒரு பியூன். அவருடைய மச்சான் உப்பளம் பக்கம் தபால்காரர். அந்த மச்சான் கடிதம் கொடுக்கும் தெருவில் வயதான ஒரு அம்மா தனியாக இருந்தார். அவருடைய அண்ணன் 1950-களின் தொடக்கத்தில் சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர். அப்புறம் துலோன் நகரத்தில் தங்கிவிட்டார். வருஷத்துக்கு ஒரு கடிதம், கொஞ்சம் பணம் என்று வந்துகொண்டிருந்தது, நின்றுபோயிற்று. அந்த அம்மா போட்ட கடிதமும் பிரெஞ்சு முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. தபால்காரருக்கு முத்திரையைப் படிக்கத் தெரியவில்லை, மச்சானிடம் கொடுத்தார். மச்சான் என்னிடம் கொண்டுவந்தார். ஆபீசில் பிரெஞ்சு தெரிந்த ஆள் நான்தானே.

முத்திரையில் இருந்தது, குறிப்பிட்ட முகவரியில் வசிப்பதில்லை என்பது. அதைச் சொன்னேன். பியூன், "சார், அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்களே, கொஞ்சம் விசாரிக்கச் சொல்ல முடியுமா? அந்தம்மா தினம் வாசல்ல நின்னு கேக்குதாம்" என்றார். அந்த அம்மா யாரையோ விட்டு எழுதவைத்த ஒரு கோடு போட்ட தாளும் கூட இருந்தது. அண்ணன் பெயர், சேர்ந்த வருஷம், கழுத்தில் ஒரு தழும்பு என்று எழுதியிருந்தது.

எனக்குத் தெரிந்தவன் இருந்தான். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். 1962 ஆகஸ்டு 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பினவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவன் அப்பா எழுதிக்கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. அவன் பிற்பாடு அங்கே பட்டாள சேவைக்குப் போய் மர்செய்யில் தங்கிவிட்டான். மர்செய்யிலிருந்து துலோன் ரயிலில் ஒரு மணி நேரம். வருஷப் பிறப்புக்கு எனக்கு அட்டை போடுவான், நானும் போடுவேன். அந்தத் தாளை ஒரு உறையில் போட்டு, நாலு வரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதுதான் வேலை.

நான் எழுதவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்டால் காரணம் சொல்ல இல்லை. அப்போது எனக்கு பிரமோஷன் விஷயம் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. ஆபீசில் எல்லாரும் பிரெஞ்சு பென்ஷன் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்களே என்ற எரிச்சலும் இருந்தது. இதையெல்லாம் இப்போது யோசித்துச் சொல்லுகிறேன். அன்றைக்கு ஒன்றும் நினைக்கவில்லை. தாளை இழுப்பறையில் வைத்தேன். பியூன் இரண்டு தடவை, "சார், அந்தக் கடுதாசி..." என்றார். "பாக்கலாம்பா" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் ஆயிற்று. நானும் நாலு ஆபீஸ் மாறினேன். ஒவ்வொரு தடவையும் என் சொந்தக் காகிதங்களை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். அந்தக் கட்டிலேயே அதுவும் கூடவே வந்திருக்கிறது.

2009-ல் ரிடையர் ஆனபோது கட்டைப் பிரித்தேன். வாரிசுச் சான்றிதழ் நகலுக்கும் ஒரு பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில் இருந்தது. 18 வருஷம்.

அன்று மாலையே நண்பனுக்கு எழுதினேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. பொங்கலுக்குக் கூடும் நம் ஊர்க்காரர்களில் பழைய சொல்தா ஒருவரை அவனுக்குத் தெரியும், அவர் அந்த அண்ணனோடு சைகோனில் ஒன்றாக இருந்தவர். இரண்டு தொலைபேசி அழைப்பில் விஷயம் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தான். அண்ணன் துலோனிலேயே ஒரு முதியோர் இல்லத்துக்கு மாறியிருக்கிறார். 2003-ல் காலமாகிவிட்டார். தங்கையைப் பற்றி அடிக்கடி பேசுவாராம்.

தபால்காரர், பியூன், நான், என் நண்பன், அந்தப் பழைய சொல்தா. தங்கைக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஐந்து பேர். மில்கிராம் கணக்குக்குச் சரியாக இருக்கிறது.

உப்பளத்துக்குப் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியிருந்தது. முனையில் இஸ்திரி போடுகிறவர், "அந்தக் கெழவியா சார், அது போயி ரொம்ப நாளாச்சே" என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. 2003-க்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பியூனை அடுத்த வருஷம் காரைக்காலில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். அவரும் ரிடையர் ஆகியிருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டு, கலர் வாங்கிவரப் பேத்தியை அனுப்பினார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார், நீங்க போடலைன்னு" என்றார். "மச்சான் கேட்டுக்கிட்டே இருந்தான். அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது? சார் பிரான்சுக்கு எழுதிட்டாரு, அங்கேருந்து பதில் வரணும்னு சொல்லிவிட்டேன். மச்சான் அப்படியே அதுகிட்ட சொல்லிட்டான்."

பேத்தி கலர் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன்.

"உங்க பேரைச் சொல்லி கோயில்ல விளக்குப் போட்டுச்சாம் சார், அந்தம்மா" என்றார்.